அதிர்வேட்டு அடங்கியிருந்த ஒரு வருஷம்

அண்ணாமலையாரே அசந்து தூங்கிப்போனாலும் தட்டி எழுப்பிவிடும் வல்லமை எங்கள் ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் எங்கள் தெருக்காரர். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் என் வீட்டுக்கு வந்து, கூடத்துச் சுவரில் அவர் உபயத்தில் விழுந்திருக்கும் மூன்று விரிசல்களைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம். காபி என் செலவு.

ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் அதிர்வேட்டு அண்ணன். கோயில் திருவிழாவா, ஆடி மாதக் கூழ் ஊற்றலா, சாவு ஊர்வலமா, எதுவானாலும் இரும்புக் குழாயில் கருமருந்தைப் போட்டு இடித்து, திரி வைத்து, பூமி அதிர ஒரு வேட்டுப் போட்டால்தான் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் காரியம் நடந்த திருப்தி வரும். அந்த வேட்டைப் போடுவது அவர் தொழில். முறையாக லைசென்ஸ் வைத்திருந்தார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பூஜை அறையில் சாமி படங்களுக்கு நடுவே மாட்டிப் பூவும் வைத்திருந்தார்.

தொழில் அவருடைய இடது காதைச் சுத்தமாகவும் வலது காதை முக்கால்வாசியும் வாங்கிக்கொண்டுவிட்டது. காது கேட்காதவர்கள் சத்தமாகப் பேசுவது உலக வழக்கம். இவர் பேசுவதற்கு அந்த வார்த்தை போதாது. கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தங்கைக்கு இவர் செல்போனில் பேசும்போது, செல்போன் எதற்கு என்று எங்களுக்குத் தோன்றும். புருவம் இரண்டில் ஒன்று, தொழில் பழகிய காலத்திலேயே ஒரு திரி அவசரப்பட்டதில் பொசுங்கிப்போய்த் திரும்ப முளைக்கவே இல்லை. தினமும் காலையில் மனைவியின் கண்மையை எடுத்து அந்த இடத்தில் ஒரு புருவம் வரைந்துகொள்வார். அவசரத்தில் வரைந்த நாட்களில் அது நெற்றியின் நடுவரை ஏறிவிடும். அன்றைக்கெல்லாம் அவர் எதைக் கேட்டாலும் ஆச்சரியப்படுவது போலவே இருக்கும்.

மனிதர்களை அவர் எடை போடுவதும் வேட்டுக் கணக்கில்தான். "அவரு பத்து வேட்டு மனுசன் சார்" என்றால் பெரிய மனிதர். "ரெண்டு வேட்டு கூட தாங்க மாட்டான்" என்றால் அந்த ஆளை நம்பி ஆட்டோவில் கூட ஏறக்கூடாது. ஒருநாள் ஆர்வம் தாங்காமல் நான் எத்தனை என்று கேட்டுவிட்டேன். என் கல்யாண ஊர்வலத்துக்கும் அவர்தான் போட்டிருந்தார்.

"உங்க கல்யாணம் மூணு வேட்டு சார்" என்றார் தெருவுக்கே கேட்கும்படி. "அதுலயும் ஒண்ணு புஸ்ஸுனு பூடுச்சி."

இப்படிப்பட்டவருக்கு இரண்டு வீடு தள்ளி, மௌனத்தைத் தேடி ஒரு பெண்மணி வந்து குடியிருந்தார். குடி வைத்தவன் நான். செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துப் பக்கம் சொந்த வீடு வைத்திருக்கிற எல்லோரையும் போல நானும் மாடியை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவன். மரீனா என்பது அவர் பெயர். தெரு முழுக்க மெரினாம்மா. எட்டு வருஷமாகக் குளிர்காலத்துக்கு வந்து, காலையில் தியானம், மாலையில் கிரிவலம் என்று இருந்துவிட்டு, வெயில் தொடங்கியதும் போய்விடுவார். தமிழை ஆட்டோ ஸ்டாண்டில் கற்றுக்கொண்டவர். அதனால் என் மனைவியைக்கூட "இன்னாம்மா, சவாரி முடிஞ்சுதா?" என்றுதான் குசலம் விசாரிப்பார்.

ஒரு வருஷம் அவர் திரும்பிப் போகவில்லை. அவருடைய நாட்டில் யுத்தம் ஆரம்பித்துவிட்டது. நாட்டின் பெயர் இருக்கட்டும். எந்த நாடானாலும் குண்டு வீட்டின் மேல்தான் விழுகிறது. மரீனாவின் அக்கா அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் வேலையை விட்டு வர முடியாது. பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டார். பத்து வயதுப் பையன் தீமா, ஆறு வயதுப் பெண் வேரா. முதலில் எல்லைக்கு அருகே ஒரு ஊர், பிறகு யாரோ தெரிந்தவர் வீடு, பிறகு ஒரு பள்ளிக்கூடத்து ஹால். நாலாவதாக எங்கள் மாடி.

எங்கள் ஊருக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸ் பாதி காலியான காலத்தில், பிள்ளைகளைப் பெட்டி படுக்கையோடு கொண்டுவந்து இங்கே இறக்கிவிட்டுப் போனவர்கள் பலர். எங்கள் மாடியே அப்படி வந்த ஒரு குடும்பத்துக்காக என் தாத்தா அவசர அவசரமாகக் கட்டியதுதான். அவசரம் அதன் படிக்கட்டில் இன்றும் தெரியும்.

பிள்ளைகளை அழைத்துவந்த அன்று மரீனா என்னிடம் சொன்னார்: "சார், சின்னது தூங்கலை. மூணு மாசம். பேசறதும் ரொம்ப கம்மி. இங்க சைலண்ட். அதான் கூட்டினு வந்தேன். இங்கயும் தூங்கலைன்னா வேற இடம் இல்லை."

அவர் சொல்லி முடித்து ஒரு மணி நேரம் இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தது. அதிர்வேட்டு அண்ணன் என் வாசலுக்கு நேராகக் குழாயை நட்டு முதல் வேட்டைப் போட்டார்.

பிள்ளைகளைக் காணோம். மாடியில் இல்லை, குளியலறையில் இல்லை. கடைசியில் என் மனைவிதான் கண்டுபிடித்தாள். மாடிப்படிக்குக் கீழே, காலி கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் படுத்திருந்தார்கள். தங்கையின் மேல் தீமா கவிழ்ந்து படுத்திருந்தான். இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு, வாயை மட்டும் அகலத் திறந்து வைத்திருந்தார்கள். குழந்தைகள் வாயைத் திறந்தால் பசி என்பதுதான் எங்கள் வீட்டு அகராதி. என் மனைவி சமையலறைக்கு ஓடிப்போய் ஒரு தட்டில் இட்லியும் சர்க்கரையும் எடுத்துவந்து, "இந்தாடி கண்ணு, ஆ..." என்று ஊட்டப் போய்விட்டாள்.

பிறகு மரீனா வந்துதான் சொன்னார். குண்டு விழும்போது வாயைத் திறந்து வைத்திருந்தால் காது ஜவ்வு கிழியாதாம். அங்கே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். நம் பிள்ளைகளுக்கு 'அ, ஆ' சொல்லிக்கொடுக்கிற வயதில். இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. அவரிடம் ரகசியம் சொல்வது எப்படி என்று தெரியாததால் தெருவுக்கே சொன்னேன்.

"அண்ணே, மாடியில கொழந்தைங்க வந்திருக்குதுங்க. சண்டை நடக்கற ஊரு. குண்டு சத்தத்துல பயந்து போயிருக்குதுங்க."

"குண்டா? யாரு காண்ட்ராக்டு?"

"காண்ட்ராக்ட் இல்லண்ணே. பிளேன்ல வந்து போடறாங்க."

"பிளேன்லயா?" அன்று புருவம் வேறு உயரத்தில் இருந்தது. "லைசென்ஸ் வச்சிருக்கானுங்களா?"

அரை மணி நேரம் ஆயிற்று அவருக்குப் புரியவைக்க. தன் வேட்டைக் கேட்டு ஒரு குழந்தை சாவைப் பார்த்தது போல ஒளிந்துகொண்டது என்பதை அவரால் தாங்கவே முடியவில்லை. "என் வேட்டு சாமி வேட்டு சார்" என்று இரண்டு தரம் சொன்னார். அது எங்களிடம் சொன்னது மாதிரி இல்லை.

மறுநாள் வேர்க்கடலை உருண்டை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்க மாடிக்கு வந்தார். குழந்தைகள் பயப்படக்கூடாது என்று கிசுகிசுப்பாகப் பேசினார். அந்தக் கிசுகிசுப்பு தெருமுனைக் கறிக்கடைவரை கேட்டது. வேரா கதவுக்குப் பின்னால் நின்று அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலை உருண்டையைத் தீமாதான் வாங்கிக்கொண்டான்.

அதிலிருந்து அவர் குழாயைத் தெருவின் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டார். வேட்டு இருக்கிற நாட்களில் முதல் நாளே வந்து மெரினாம்மாவிடம் சொல்லிவிடுவார். ஆனாலும் வேட்டு வேட்டுதானே. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் படிக்குக் கீழே போனாள். இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. வெயில் போய் ஆடி பிறந்தது. எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள் வந்தது. அண்ணன் ஒரு யோசனையோடு என்னிடம் வந்தார்.

"சார், நான் மூணு வாட்டி 'வேட்டு, வேட்டு, வேட்டு'ன்னு கத்திட்டுதான் பத்த வைக்கறேன். ஆனா அதுக்கும் வேட்டுக்கும் நடுவுல டைம் கம்மி. பசங்களுக்கு அரை மணி நேரம் முன்னாடியே தெரிஞ்சிட்டா, காதுல பஞ்சு வச்சிக்கினு தைரியமா உக்காந்துக்கும். அதுக்கு ஒரு பொருள் புடிச்சிருக்கேன்."

கீழ்பென்னாத்தூர் பக்கம் மூடிப்போன ஒரு அரிசி மில்லிலிருந்து அவர் வாங்கிவந்த பொருள், கையால் சுற்றுகிற பழைய சைரன்.

"பிரமாதம்ணே!" என்று சொன்ன மகானுபாவன் நான்தான். அதோடு நிற்காமல் மாடிக்குப் போய், வேட்டுக்கு முன்னால் ஒரு சிக்னல் வரும், பயப்பட வேண்டாம் என்று மரீனாவிடம் என் இங்கிலீஷில் விளக்கமும் சொல்லிவிட்டு வந்தேன். அவரும் தலையாட்டினார். எங்களுக்குச் சைரன் என்றால் மில்லில் ஷிப்ட் மாறுகிற நேரம். ஒன்பது மணிச் சங்கு ஊதியாச்சு, டிபன் வை என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

காலை ஒன்பது மணிக்கு அண்ணன் தன் மொட்டைமாடியில் நின்று, ஆசை ஆசையாக அந்தச் சைரனைச் சுற்றினார். அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது அது. சுற்றிக்கொண்டே எங்கள் மாடியைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையை வேறு ஆட்டினார்.

மாடியில் மரீனா தேநீர்க் கோப்பையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். தீமா தங்கையின் சட்டைக் காலரைப் பிடித்தான். இருவரும் படி இறங்கி ஓடியதை நான் பார்த்தேன். வழக்கம் போலப் படிக்குக் கீழேதான் போவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடிவிட்டார்கள். சைரன் ஊதினால் பூமிக்கு அடியில் போக வேண்டும், மாடிப்படிக்குக் கீழே போனால் போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் பூமிக்கு அடியில் அறை கிடையாது.

இரண்டு மணி நேரம் தேடினோம். கூழ் ஆறிப்போயிற்று. அம்மனுக்கு முன்னால் நின்ற பெண்கள் எல்லாம் தெருத்தெருவாக ஓடினார்கள். நான் கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர்தான் கண்டுபிடித்தார். செங்கம் ரோட்டுக்கு அடியில், தண்ணீர் இல்லாத கால்வாயின் சிறிய பாலத்துக்குக் கீழே இருந்தார்கள். குனிந்து கூப்பிட்டால் தீமா இன்னும் உள்ளே தள்ளிப் போனான். மேலே லாரி போகும்போதெல்லாம் தங்கையின் தலையைத் தன் வயிற்றில் புதைத்துக்கொண்டான். மரீனா அவர்கள் மொழியில் கெஞ்சிப் பார்த்தார். பையன் தலையை ஆட்டி ஏதோ சொன்னான். முடிந்துவிட்டது என்று இன்னொரு சங்கு ஊதினால்தான் வெளியே வரலாமாம்.

அண்ணன் தோள் துண்டை என்னிடம் கொடுத்தார். திருவிழாவுக்குக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியோடு, அந்தப் பெரிய உடம்பைத் தரையில் போட்டு, முழங்கையால் நகர்ந்து பாலத்துக்கு அடியில் போய்விட்டார். கூப்பிடவில்லை, தொடவில்லை. அவர்களுக்கு இரண்டு அடி தள்ளி மல்லாந்து படுத்துக்கொண்டு, இரண்டு காதையும் பொத்தி, வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டார்.

நாங்கள் வெளியே குந்தி உட்கார்ந்திருந்தோம். கால் மணி, அரை மணி ஆயிற்று. விடியலிலிருந்து அலைந்த களைப்பு, உள்ளே குளிர்ச்சி வேறு. வாயைத் திறந்தபடியே மனிதர் தூங்கிவிட்டார். தூங்கியதும் குறட்டை வந்தது. அதிர்வேட்டு அண்ணனின் குறட்டை, அதுவும் பாலத்துக்கு அடியில். மேலே போன சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி நின்று பாலத்தைப் பரிசோதித்தார்.

உள்ளேயிருந்து வேறொரு சின்னச் சத்தம் கேட்டது. மரீனா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேரா சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் அந்தப் பெண்ணின் சிரிப்பை நான் கேட்டதில்லை. மரீனாவும் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே தவழ்ந்து வந்து, அண்ணனின் மூக்கை இரண்டு விரலால் பிடித்தாள்.

அன்று மாலை மரீனா துணிகளைப் பைகளில் அடுக்கத் தொடங்கினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "தெரியலை சார். ஆனா போகணும்." அண்ணன் மாடிப்படியில் நின்றிருந்தார். காது கேட்காவிட்டால் என்ன, பைகள் தெரிந்தன.

"மெரினாம்மா, இனிமே இந்தத் தெருவுல வேட்டு கெடையாது. இந்தப் பசங்க இருக்கறவரைக்கும், அதுங்க காதுக்கு எட்டற தூரத்துல எவன் போட்டாலும் நான் வுட மாட்டேன். மலை மேல சத்தியம்."

மரீனா அவர் பக்கம் திரும்பினார். "பத்து நாள் பாக்கறேன்" என்றார். பைகளைப் பிரிக்கவில்லை. கதவோரமாகவே வைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் பக்கத்துத் தெருவின் பெரிய மனிதர் செத்துப்போனார்.

நெல் மண்டிக்காரர், தொண்ணூறைத் தாண்டியவர், பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப்பேரனையும் பார்த்தவர். கல்யாண சாவு என்பார்கள் எங்கள் பக்கம். பூப்பல்லக்கு, பறை, இருபத்தோரு வேட்டு என்று அவர் மூத்த மகன் பட்டியலோடு அண்ணனிடம் வந்தார்.

"உங்கப்பா இருபத்தொண்ணு இல்ல, நாப்பது வேட்டு மனுசன்பா" என்றார் அண்ணன். "ஆனா நான் ஒண்ணு கூட போட மாட்டேன்."

"எங்கப்பன் ஊமையாவா போவணும்?" என்று மகன் கத்தினார். அவருக்கும் கோபம் நியாயம்தான். ஊரில் யார் யாருக்கோ பத்து வேட்டு என்றால், இவருக்கு ஒன்றும் இல்லையா? கீழ்பென்னாத்தூரிலிருந்து வேறொரு வேட்டுக்காரரை வேனில் வரவழைத்துவிட்டார்.

மதியம் மூன்று மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. பறை அடித்தபடி எங்கள் தெருவுக்குள் திரும்பியதும், கீழ்பென்னாத்தூர்க்காரர் வேனிலிருந்து குழாயை இறக்கி நட்டார். அடுத்த நொடி அண்ணன் போய் அதன் வாயின் மேல் உட்கார்ந்துவிட்டார். நன்றாக வசதியாக, வேட்டியைச் சரிசெய்துகொண்டு.

"யோவ், எழுந்திரு, உள்ள மருந்து இருக்குது!" என்று அலறினார் கீழ்பென்னாத்தூர்க்காரர்.

"எனுக்குத் தெரியாதா? பத்த வை."

"ணா, எழுந்திரிணா. பொணம் நிக்கக் கூடாது" என்று மண்டிக்காரர் மகன் கெஞ்சினார். எடுத்த பிணத்தைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது, வேறு தெருவுக்கு வழியும் கிடையாது. பல்லக்கு நின்றுவிட்டது. இருநூறு பேர் நின்றார்கள். உறவுக்காரப் பையன்கள் சட்டைக் கையை மடக்கிவிட்டார்கள். அடி விழப்போகிறது என்று நான் கேட்டைத் திறந்துகொண்டு ஓடினேன். ஓடிப்போய் நான் என்ன செய்திருப்பேன் என்பது வேறு விஷயம். நான் மூன்று வேட்டு மனிதன்.

அண்ணன் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி எங்கள் மாடியைக் காட்டினார். எல்லோரும் பார்த்தார்கள். பால்கனிக் கம்பிக்குப் பின்னால் வேரா நின்றிருந்தாள். ஓடவில்லை. காதைப் பொத்தி, வாயை அகலத் திறந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கதவோரம் மூட்டை கட்டிய பைகள் தெரிந்தன.

"நாலு ஊரு சுத்திட்டு வந்திருக்குது. அஞ்சாவது ஊரு எதுன்னு அவங்க சித்திக்கே தெரியல" என்றார் அண்ணன். "உங்கப்பாவுக்கு இருபத்தொரு வேட்டும் நானே போடறேன். மருந்து இல்லாம."

"மருந்து இல்லாம எப்பிடிணா வேட்டு?"

"கொழா இருக்குது, திரி இருக்குது, நான் இருக்கறேன். இன்னா இல்ல?"

மண்டிக்காரர் மகன் மறுபடி மேலே பார்த்தார். வேரா வாயை மூடாமல் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள். அவர் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "போடுணா" என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நேரில் பார்க்காதவர்கள் நம்புவதில்லை. அண்ணன் தன் வீட்டிலிருந்து காலிக் குழாய்களைக் கொண்டுவந்து நட்டார். திரி வைத்தார். கைகளை விரித்து, "வேட்டு... வேட்டு... வேட்டு..." என்றார். கத்தவில்லை, சொன்னார். பறைக்காரர்கள்தான் முதலில் புரிந்துகொண்டார்கள். சட்டென்று கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். திரியில் நெருப்பு வைத்ததும் பழக்கதோஷத்தில் இருநூறு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். நானும் பொத்திக்கொண்டேன். மெல்லச் சீறிக்கொண்டு நெருப்பு குழாய்க்குள் இறங்கியது. ஒன்றும் வெடிக்கவில்லை.

யாரும் அசையவில்லை. பொத்திய கையை எடுத்தால் எங்கள் தெரு எனக்குக் கேட்டது. எங்கோ ஒரு காகம், பல்லக்கில் கட்டிய சாமந்திச் சரம் காற்றில் உரசுவது, தூரத்தில் பெரிய கோயில் மணி. நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் குடியிருக்கிறேன், இதையெல்லாம் நான் கேட்டதே இல்லை.

பல்லக்கு பத்தடி நகர்ந்தது. இரண்டாவது வேட்டு. மறுபடி எல்லோரும் காதைப் பொத்தினார்கள், மறுபடி அந்த அமைதி. ஏழாவது வேட்டு என் வாசலுக்கு நேர் எதிரே. மேலே பார்த்தேன். வேரா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவதுக்கு அவள் காதிலிருந்து ஒரு கை இறங்கியது. பதினாலுக்கு வாய் மூடியது. இருபத்தொன்றாவது வேட்டைத் தெருமுனையில் போட்டபோது, அவளும் தீமாவும் கீழே வந்து என் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். திரி அணைந்ததும் தீமா சின்னதாகத் தலை வணங்கினான். பல்லக்கில் போனவருக்கா, குழாய் பக்கத்தில் நின்றவருக்கா, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் மரீனா பைகளைப் பிரித்து, கசங்கிய துணிகளையெல்லாம் அலசிக் கொடியில் போட்டார். மூன்றாம் நாள், வேரா ராத்திரி முழுக்க எழுந்திருக்காமல் தூங்கினாள் என்று என் மனைவியிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மண்டிக்காரர் மகன் பதினாறாம் நாள் காரியத்தில் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "எங்கப்பாவுக்காக இருபத்தொரு வாட்டி ஊரே வாய மூடிக்கினு நின்னுது சார். அவரு உசுரோட இருந்தப்ப எங்க வூட்டுல ஒரு ஆளு, ஒரு வாட்டி கூட, அவரு பேசும்போது வாய மூடினதில்ல."

தீபாவளி வந்தது. ஊர் முழுவதையும் குழாய் மேல் உட்கார்ந்து நிறுத்த முடியாதே. முதல் நாளே அண்ணன் ஒரு வேன் பிடித்து, பிள்ளைகளையும் மரீனாவையும் ஏற்றிக்கொண்டு, கீழ்பென்னாத்தூரைத் தாண்டித் தன் தங்கையின் நிலத்துக்குப் போய்விட்டார். எந்த ஊருக்கும் பக்கத்தில் இல்லாத மோட்டார் கொட்டகை. சுற்றிலும் வேர்க்கடலைச் செடி. உலகத்திலேயே சத்தமான நாளில், உலகத்திலேயே சத்தமான மனிதர் மூன்று நாள் அங்கே குந்திக்கொண்டு கடலை அவித்துக்கொண்டிருந்தார். தொழிலில் பாதிக்குமேல் கீழ்பென்னாத்தூர்க்காரரிடம் போய்விட்டது. அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. அவர் குறைப்பட்டிருந்தால் எனக்குக் கேட்காமல் போயிருக்காது.

சித்திரையில் மரீனாவின் அக்காவுக்கு வேறொரு நாட்டில் வேலையும் வீடும் கிடைத்தன. பிள்ளைகளும் மரீனாவும் கிளம்பினார்கள். கார் வந்து நின்றது, தெருவே நின்றது. வேரா நேராக அண்ணனிடம் போனாள். எந்தக் காது கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். அவரைக் குனியச் சொல்லி, வலது காதில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். அண்ணன் நிமிர்ந்து எங்களுக்கு ஒலிபரப்பினார்.

"பர்மிசன் குடுத்துட்டா! 'மாமா, நாங்க போயிட்டா போட்டுக்கோங்க'ன்றா!"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். கார் செங்கம் ரோட்டில் திரும்பும்வரை சிரித்த முகத்தை அவர் மாற்றவே இல்லை. அப்புறம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுபடி ஆடி வந்தது. அம்மனுக்குக் கூழ். ஒரு வருஷத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் வேட்டு. தெருவே கூடியிருந்தது. அண்ணன் குழாயில் மருந்தை இடித்தார், திரி வைத்தார், மூன்று தரம் குரல் கொடுத்தார். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம். அவர் ஊதுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"சார், மேல யாரும் இல்லல்ல?"

"இல்லண்ணே. இன்னும் யாருக்கும் வுடல. காலியாத்தான் இருக்குது."

குனிந்தார். மறுபடி நிமிர்ந்தார்.

"ஒருவாட்டி பாத்துட்டு வந்துடுங்களேன்."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. நான் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். மாடிப்படி ஏறிப் பூட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அறையைப் பார்த்தேன், குளியலறையைப் பார்த்தேன். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியிலும் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.